"நேரடியா முடிச்சுக்கலாமா?" என்று கேட்பவருக்கு என்ன பதில் எழுதுவது

"சார், லென்ஸ் பிடிச்சிருக்கு. உங்க நம்பர் குடுங்க, நேரடியா முடிச்சுக்கலாம். கமிஷன் ரெண்டு பேருக்கும் மிச்சம்."

பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி, சுத்தம் செய்து, இணையத்தில் விற்பதுதான் பதினோரு வருடமாக என் தொழில். விற்பனைத் தளத்தை விட்டு வெளியே, அதற்குக் கமிஷன் கொடுக்காமல் முடிக்கலாமா என்று கேட்கும் இப்படி ஒரு மெசேஜ் வராத மாதம் எனக்கு நினைவில்லை. கேட்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பலர் உண்மையிலேயே கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான். ஆனால் நேர்மையானவரும் அதே வார்த்தையில்தான் கேட்கிறார், மோசடி செய்பவரும் அதே வார்த்தையில்தான் கேட்கிறார். மெசேஜைப் படித்து ஆளை எடைபோடும் வித்தை இத்தனை வருடத்தில் எனக்குக் கைவரவில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: முடியாது. அந்தப் பதிலை எப்படி எழுதுவது, அது உறுத்தாமல் இருக்க விலையை முதலிலேயே எப்படிப் போடுவது, தெரியாமல் தளத்தின் விதியை மீறிவிட்டால் என்ன செய்வது என்பதை, புதிதாக விற்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நீங்கள் விற்பது எந்த மாதிரி தளம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எதையும் பேச முடியாது. 1995ல் இரண்டு தளங்கள் தொடங்கின. ஒன்று கிரெய்க்ஸ்லிஸ்ட். இன்னொன்று, பியர் ஒமிட்யார் அந்த ஆண்டு செப்டம்பரில் 'ஆக்‌ஷன்வெப்' என்ற பெயரில் ஆரம்பித்து, பிறகு ஈபே ஆனது. இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான விற்பனைத் தளங்கள் இந்த இரண்டில் ஒன்றின் சாயலில்தான் இருக்கின்றன.

கிரெய்க்ஸ்லிஸ்ட் வகை என்பது விளம்பரப் பலகை. வாங்குபவரும் விற்பவரும் பேசி, சந்தித்து, பணத்தைக் கைமாற்றிக்கொள்வார்கள். பணம் தளத்தின் வழியாகப் போவதே இல்லை. அங்கே நேரில் முடிப்பது விதிமீறல் ஆகாது, தளமே அதற்காகத்தான் இருக்கிறது. ஈபே, கைவினைப் பொருள்களுக்குப் பேர்போன எட்சி, அமேசான் போன்றவை வேறு வகை. ஆர்டர் தளத்தில் பதிவாகிறது, பணம் தளத்தின் வழியாக வருகிறது, விற்ற தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கு கமிஷனாகப் போகிறது. நான் சொல்லப்போகும் விதிகள் எல்லாம் இந்த இரண்டாம் வகைக்குத்தான்.

ஈபேயின் ஆரம்ப நாட்களில் விற்பவர்கள் கமிஷனைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். உறைக்குள் காசோலையும் சில்லறை நாணயமும் வரும். யார் எவ்வளவு விற்றார், அனுப்பியது சரியா என்பதெல்லாம் நம்பிக்கை மேல் ஓடியது. இன்று பணத்தைத் தளமே வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தருகிறது. ஆகவே கமிஷன் கொடுக்காமல் இருக்க ஒரே வழி, விற்பனையையே வெளியே கொண்டுபோவது. விதிகளும் அந்த வாசலில்தான் கடுமையாக நிற்கின்றன.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. சில தளங்கள் கமிஷனை விற்பவரிடம் வாங்காமல், வாங்குபவரிடம் 'பாதுகாப்புக் கட்டணம்' என்று வாங்குகின்றன. பழைய துணிமணி விற்கும் தளமான வின்டெட் அப்படித்தான் இயங்குகிறது. பிரிட்டனில் தனிநபர் விற்பனையாளர்களுக்கு 2024ல் கட்டணத்தை எடுத்துவிட்ட ஈபே, 2025ல் அங்கே வாங்குபவர் பக்கம் கட்டணத்தை வைத்தது. நமக்குக் கட்டணமே இல்லையே, வெளியே விற்றால் தளத்துக்கு என்ன நஷ்டம் என்று அங்கே சிலர் நினைக்கலாம். நஷ்டம் தளத்துக்குத்தான், விதியும் அப்படியே இருக்கிறது. கேள்வி மட்டும் இப்போது வாங்குபவர் பக்கத்திலிருந்து இன்னும் அடிக்கடி வரும்.

நான் ஒருமுறை 'சரி' சொன்னேன்

தொழில் தொடங்கிய இரண்டாவது வருடம். ஒரு மேக்ரோ லென்ஸ். முன் கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, உள்ளே பூஞ்சை கிடையாது, அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்க் கசிவு கிடையாது. அப்படி ஒன்று கைக்கு வருவது அபூர்வம். போட்ட இரண்டே மணி நேரத்தில் ஒருவர் எழுதினார். லென்ஸைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர், கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. கடைசியில் நம்பர் கேட்டார். கொடுத்தேன். அன்று மாலையே பணம் வந்தது. லிஸ்டிங்கை 'விற்பனைக்கு இல்லை' என்று மூடிவிட்டுப் பார்சல் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பணம் என் கணக்கிலிருந்து திரும்பப் போய்விட்டது. அந்தப் பணப்பரிமாற்றத்தைத் தான் செய்யவே இல்லை என்று அனுப்பிய கணக்கின் சொந்தக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். என்னோடு பேசியவரும் அந்தக் கணக்கின் சொந்தக்காரரும் ஒரே ஆளா, வேறு வேறா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. போனில் நடந்த உரையாடலைத் திறந்து பார்த்தால், அவர் பக்கத்து மெசேஜ்கள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. என் வரிகள் மட்டும் தனியாக நின்றன: "சரி சார்", "பேக் பண்ணிட்டேன் சார்", "ரசீது இதோ."

தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: ஆர்டர் எண் என்ன?

ஆர்டர் எண் இல்லை. எண் இல்லாததால் விற்பனை இல்லை, விற்பனை இல்லாததால் அவர்கள் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. போதாததற்கு, நான் நம்பர் கொடுத்த மெசேஜ் அவர்கள் பதிவில் இருந்தது. ஒரு வாரத்தில் எச்சரிக்கை வந்தது. லென்ஸும் போய், பணமும் போய், அக்கவுண்டில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழுந்தது. மிச்சம் பிடிக்க நினைத்தது கமிஷனை மட்டும்தான்.

அன்றிலிருந்து கமிஷனை நான் ஆர்டர் எண்ணுக்குக் கொடுக்கும் விலையாகத்தான் பார்க்கிறேன். யார் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், எந்த முகவரிக்கு அனுப்பினேன், என்ன பேசினோம் எல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே, யாரும் அழிக்க முடியாத இடத்தில் இருக்கின்றன.

எதெல்லாம் விதிமீறல்

வெளியே விற்பது மட்டும்தான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே விற்கலாமா என்று கேட்பதே தப்பு. விற்பனை நடக்காமல் போனாலும், வார்த்தை விட்டது பதிவில் நிற்கும். ஈபேயின் விதிப்படி, அங்கே அறிமுகமான இருவர் தொடர்பு விவரம் மாற்றிக்கொண்டு வெளியே விற்க ஏற்பாடு செய்தால், பொருள் ஈபேயில் விற்காவிட்டாலும் விற்பனைக் கட்டணத்தை விதிக்க அவர்களுக்கு இடமிருக்கிறது. லிஸ்டிங்கை எடுத்துவிடலாம், தேடலில் கீழே தள்ளலாம், அக்கவுண்டையே முடக்கலாம்.

ஆர்டர் முடிவதற்கு முன் போன் நம்பர், மின்னஞ்சல், வெளித்தள இணைப்பு, சமூக ஊடகப் பெயர், க்யூஆர் கோடு எதையும் கொடுக்கக் கூடாது. எண்களை எழுத்தில் எழுதுவது, "ஒன்பது நாலு" என்று மூன்று மெசேஜாகப் பிரித்து அனுப்புவது, பொருளின் படத்தில் ஓரமாக எழுதிவைப்பது, இவையெல்லாம் பழைய வித்தைகள். தளங்கள் இவற்றைத்தான் முதலில் தேடுகின்றன. மறைத்து எழுதியது பிடிபட்டால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

விதியை மீறுகிறோம் என்று தெரியாமலேயே மீறும் வகைகள் நாலைந்து உண்டு. அவற்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆர்டரை ரத்து செய்துவிட்டு வெளியே முடிப்பது. வாங்குபவர் ஆர்டர் போட்டுவிடுவார். பிறகு, "கேன்சல் பண்ணிடுங்க, பணத்தை நேரா அனுப்பிடறேன்" என்பார். ரத்து செய்ததும் கமிஷன் நமக்குத் திரும்பி வந்துவிடும். ஆனால் அந்த மெசேஜ், ரத்து, ரீஃபண்ட் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதிவாகி நிற்கும். நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

பொருளின் விலையைக் குறைத்து, அனுப்பும் செலவை ஏற்றுவது. கமிஷன் பொருளின் விலைக்கு மட்டும் இருந்த காலத்தில் இது நிறைய நடந்தது. ஈபே 2011லும் எட்சி 2018லும் அனுப்பும் செலவையும் கமிஷன் கணக்கில் சேர்த்துவிட்டன. இன்று இதில் லாபம் இல்லை, தண்டனை மட்டும் மிச்சம்.

விலையில் பாதியைத் தளத்திலும் பாதியை வெளியிலும் வாங்குவது. குறிப்பாகக் கைவினைப் பொருள் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். "அடிப்படை விலை இங்கே, பெயர் பொறிக்கும் கூலி தனியாக அனுப்புங்கள்" என்பது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றும். எட்சி அதைக் கட்டண ஏய்ப்பாகத்தான் பார்க்கும். கூலியையும் அதே ஆர்டரில் சேருங்கள்.

பெட்டிக்குள் வைக்கும் சீட்டு. "அடுத்த முறை நேரடியாக எங்களிடம் வாங்கினால் தள்ளுபடி" என்று அச்சடித்து வைப்பது. வாங்குபவரைத் தன் தளத்திலிருந்து வேறு வழிக்குத் திருப்பும் எந்த முயற்சியையும் அமேசான் அனுமதிப்பதில்லை. நன்றிச் சீட்டு வைக்க ஆசையாக இருந்தால் நன்றி மட்டும் சொல்லுங்கள். நான் லென்ஸோடு ஒரு சிறிய காகிதம் வைப்பேன். எப்போது சுத்தம் செய்தேன், எந்த வளையம் கொஞ்சம் இறுக்கம், ஈரப்பதம் படாமல் எப்படி வைப்பது என்று கையால் எழுதியிருக்கும். வாங்கியவர்கள் நினைவில் வைத்திருப்பது அதைத்தான்.

ஏலத்தில் தோற்றவருக்குத் தனியாக எழுதுவது. "உங்களிடம் இன்னொன்று இருக்கிறதா?" என்று அவர் கேட்பார், நம்மிடமும் இருக்கும். ஈபேயில் இதற்கென்றே இரண்டாம் வாய்ப்பு கொடுக்கும் வசதி இருக்கிறது. அதில் அனுப்பினால் விதிக்கு உட்பட்ட விற்பனை, மெசேஜில் நம்பர் கொடுத்து முடித்தால் மீறல்.

பொருளை விற்காமல் உழைப்பை விற்பவர்களுக்கும் இதே விதிகள் உண்டு. தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கான தளமான அப்வொர்க்கில் அறிமுகமான வாடிக்கையாளரோடு இரண்டு வருடம் வரை அங்கேயே பணம் வாங்க வேண்டும். வெளியே போக வேண்டுமானால் அதற்கென்று ஒரு கட்டணம் கட்டி முறைப்படி போகலாம். வாசல் இருக்கிறது, சுவர் ஏற வேண்டியதில்லை.

விலையை எப்படிப் போடுவது

வெளியே முடிக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது? கமிஷன் கையிலிருந்து போகிற மாதிரித் தெரிவதால். முதலிலேயே விலையில் சேர்த்துவிட்டால் அந்த வலி பெரும்பாலும் போய்விடும். இந்தக் கணக்கில் பலர் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்.

கையில் 100 வர வேண்டும், கமிஷன் 13 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க ஈபேயில் பெரும்பாலான பிரிவுகளில் இதற்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது, எட்சியில் 2022 ஏப்ரலிலிருந்து 6.5. பலரும் 100 கூட 13 சேர்த்து 113 என்று போடுவார்கள். கமிஷன் 113க்குத்தான் கணக்காகும். கையில் வருவது 98.31. நூறு வர வேண்டுமானால் 100ஐ 0.87ஆல் வகுக்க வேண்டும். விடை 114.94.

அனுப்பும் செலவு 10, அதையும் வாங்குபவர் கொடுக்கிறார், அதற்கும் கமிஷன் உண்டு என்றால்: கைக்கு வர வேண்டியது மொத்தம் 110. 0.87ஆல் வகுத்தால் 126.44. அதில் 10 அனுப்பும் செலவு, 116.44 பொருளின் விலை. ஆர்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணமும் சில தளங்களில் உண்டு. இருந்தால் வகுப்பதற்கு முன் அந்த 110ல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். 'கமிஷன் போனால்' என்ற கணக்கு என் தலையில் இப்போது ஓடுவதில்லை. லென்ஸை வாங்கும்போதே, 114.94க்கு இது விற்குமா என்று பார்க்கிறேன். விற்காது என்று தோன்றினால் வாங்குவதில்லை. கமிஷனை ஏமாற்றினால்தான் லாபம் வரும் என்கிற பொருளை வாங்கியதே தப்பு என்பது என் அபிப்பிராயம்.

பதில் எழுதும் விதம்

கேள்வி வந்ததும் பலர் செய்யும் தவறு, பதில் போடாமல் விடுவது. கேட்டவர் மறுபடி கேட்பார், மூன்றாம் முறை தன் நம்பரையே எழுதிவிடுவார். உங்கள் பக்கத்திலிருந்து மறுப்பே இல்லாத உரையாடல் பதிவில் நிற்பது நல்லதில்லை. ஒருமுறை, தெளிவாக, தளத்தின் மெசேஜிலேயே மறுத்துவிடுங்கள். நான் எழுதுவது இது:

"வணக்கம் சார். லென்ஸ் பிடித்திருப்பதில் மகிழ்ச்சி. நான் இந்தத் தளத்தின் வழியாக மட்டும்தான் விற்கிறேன். வெளியே விற்பது இங்கே விதிக்கு எதிரானது, தவிர ஏதாவது பிரச்சினை வந்தால் உங்களுக்கும் ரீஃபண்ட் கிடைக்காது. விலையில் கொஞ்சம் குறைக்க முடியும். 'ஆஃபர்' பட்டனை அழுத்தி உங்கள் விலையை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்."

இதில் கடைசி இரண்டு வரிகள்தான் உயிர். அவருக்கு வேண்டியது விலைக்குறைப்பு. அதைத் தளத்துக்குள்ளேயே கொடுக்க வழி இருக்கிறது. நேர்மையானவர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும்.

மறுத்த பிறகும் விடாமல் கேட்பவர், "என் கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார், அவர் செலவையும் சேர்த்து அதிகமாக அனுப்புகிறேன், மீதியை அவரிடம் கொடுங்கள்" என்பவர், பணம் அனுப்பியாயிற்று என்று மின்னஞ்சல் காட்டுபவர், இவர்களிடம் பேச்சை நிறுத்தி 'ரிப்போர்ட்' செய்துவிடுங்கள். பணம் வந்ததா என்பதை எப்போதும் தளத்தின் ஆர்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்திப் பார்க்காதீர்கள்.

"பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் அனுப்புகிறேன், அதில் கட்டணம் இல்லை" என்பதும் அடிக்கடி வரும். அந்த முறையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. அது உறவினருக்கும் நண்பருக்கும் பணம் கொடுக்க வைத்த வழி, வியாபாரத்துக்கு இல்லை. என்னிடம் கேட்டவர்களுக்கு இதையும் விளக்கியிருக்கிறேன். ஒருவர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டிருந்தார், நன்றி சொல்லி ஆர்டர் போட்டார்.

மறுபடி வரும் வாடிக்கையாளர்

மனசு கேட்காத இடம் இதுதான். ஒருவர் நாலு லென்ஸ் வாங்கியிருப்பார். நல்லவர் என்று தெரியும். "இன்னும் எதுக்கு சார் கமிஷன், நமக்குள்ள என்ன?" என்று கேட்பார். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், வருடத்துக்கு இரண்டு முறையாவது எழுதுவார். அவரிடம் நான் செய்வது: அவருக்கு மட்டுமான விலையில் தளத்திலேயே ஆஃபர் அனுப்புவேன், இரண்டு பொருள் வாங்கினால் ஒரே பார்சலாகப் போட்டு அனுப்பும் செலவைக் குறைப்பேன், கடையில் கூப்பன் வசதி இருந்தால் அதைக் கொடுப்பேன். தள்ளுபடி என் லாபத்திலிருந்து போகிறது. ஆனால் ஒருமுறை அவருக்கு அனுப்பிய லென்ஸ் வழியில் உடைந்துபோனபோது, ஆர்டர் எண் இருந்ததால் இருவருமே மனஸ்தாபம் இல்லாமல் அதை முடித்துக்கொள்ள முடிந்தது. நட்பு இருக்கும் இடத்தில்தான் அந்த எண் இன்னும் தேவைப்படுகிறது என்று அன்று உணர்ந்தேன்.

சொந்தமாக ஒரு இணையக்கடை வைத்துக்கொள்வது உங்கள் உரிமை. அங்கே தானாகத் தேடி வருகிறவருக்கு விற்பதை எந்தத் தளமும் கேட்க முடியாது. தளம் கொடுத்த முகவரியையும் மின்னஞ்சலையும் எடுத்து, அந்த வாடிக்கையாளர்களுக்கு உங்கள் கடையிலிருந்து விளம்பரம் அனுப்புவதுதான் தப்பு. அந்த விவரம் பார்சல் அனுப்பத் தரப்பட்டது, அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால்

வரட்டும். ஆனால் பணம் தளத்தில் முதலில் வந்திருக்க வேண்டும். ஈபேயில் நேரில் எடுக்கும் ஆர்டருக்கு வாங்குபவரிடம் ஒரு க்யூஆர் கோடும் ஆறு இலக்க எண்ணும் இருக்கும். பொருளைக் கொடுக்கும்போது அதை வாங்கிப் பதிவு செய்தால், கொடுத்ததற்கு அதுவே சாட்சி. நேரில் வந்தவர் "ரொக்கமா தர்றேன், அதைக் கேன்சல் பண்ணிடுங்க" என்று அங்கே நின்று கேட்டால், முகத்தைப் பார்த்து மறுப்பது கஷ்டம்தான். நான் "சார், பதிவு ஆயிடுச்சு, மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு லென்ஸைக் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பேச்சு லென்ஸுக்குத் திரும்பிவிடும்.

எச்சரிக்கை வந்துவிட்டால்

தப்பே செய்யாமலும் வரலாம். எனக்கு வந்திருக்கிறது. ஒருவர் லென்ஸின் வரிசை எண் கேட்டார். எட்டு இலக்கம், மெசேஜில் தட்டி அனுப்பினேன். இயந்திரத்தின் கண்ணுக்கு அது போன் நம்பராகத் தெரிந்திருக்கிறது. மெசேஜ் போகவில்லை, கூடவே எச்சரிக்கையும் வந்தது. அன்றிலிருந்து வரிசை எண்ணைப் படமாக எடுத்து லிஸ்டிங்கிலேயே போட்டுவிடுகிறேன். பொருளை மாற்றி அனுப்பிவிட்டதாகப் புகார் வந்தாலும் அந்தப் படம் காப்பாற்றும்.

எச்சரிக்கை வந்தால் முதலில் எந்த மெசேஜ், எந்த லிஸ்டிங் என்று கண்டுபிடியுங்கள். லிஸ்டிங்கில் பழைய இணைப்பு, கடை முகவரி, படத்தின் மூலையில் இணையதளப் பெயர் எதாவது இருந்தால் எல்லாவற்றையும் அன்றே எடுத்துவிடுங்கள். மேல்முறையீட்டில் கதை வேண்டாம். "இந்தத் தேதியில் அனுப்பிய எட்டு இலக்கம் பொருளின் வரிசை எண், லிஸ்டிங்கின் மூன்றாம் படத்தில் அதே எண்ணைப் பார்க்கலாம்" என்று இரண்டு வரி போதும். எனக்கு அப்படித்தான் நீங்கியது. உண்மையிலேயே தப்பு செய்திருந்தால், செய்தேன், இனி செய்ய மாட்டேன், இன்னின்னதைத் திருத்திவிட்டேன் என்று எழுதுங்கள். வேறு பெயரில் இன்னொரு அக்கவுண்ட் திறக்காதீர்கள். அது முதல் தப்பைவிடப் பெரியதாகக் கணக்கில் ஏறும், இரண்டும் சேர்ந்து போகும்.

நீங்கள் வாங்குபவராக இருந்தால்

லென்ஸ்களை நானும் வாங்கித்தான் விற்கிறேன், அதனால் இந்தப் பக்கமும் எனக்குத் தெரியும். விற்பவர் வெளியே பணம் கேட்டால் அந்தப் பொருளை விட்டுவிடுகிறேன், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். ஈபேயின் பணம் திருப்பும் உறுதி, பொருள் வந்த அல்லது வர வேண்டிய கடைசி நாளிலிருந்து 30 நாள் வரை இருக்கிறது. விவரத்தில் சொன்னதும் வந்ததும் வேறாக இருந்தால் விற்பவருக்கு மூன்று வேலை நாள் அவகாசம், அப்புறம் தளமே தலையிடும். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்துக்கு இப்படி எதுவும் இல்லை.

பார்சல் வந்ததும் ஓரமாக வைத்துவிடாதீர்கள். போனை ஒரு இடத்தில் சாய்த்து வைத்து, முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி வீடியோவைத் தொடங்கி, அப்புறம் டேப்பைக் கிழியுங்கள். லென்ஸை எடுத்து வரிசை எண்ணைக் காட்டுங்கள், பின்பக்கம் ஒரு சிறு விளக்கை வைத்து உள்ளே நூல் மாதிரிப் பூஞ்சை ஓடுகிறதா என்று பாருங்கள். அப்பர்ச்சர் வளையத்தை ஒரு முறை முழுக்கத் திருப்புங்கள். ஏதாவது சரியில்லை என்றால் அன்றே தளத்தின் ஆர்டர் பக்கத்திலிருந்து எழுதுங்கள், போனில் பேசிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னாலும் பதிலை அங்கேயே போடுங்கள்.